குழி தானாகக் குளமாகாது

கிராவல் குழி ஒன்றை விரிவாக்கும் பேச்சு எழுந்தால் ஊரிலும் அலுவலகத்திலும் ஒரே பதில்தான் வருகிறது: சின்னக் குழிதானே, முதலில் தோண்டட்டும், சீரமைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் நாலு மழை பெய்தால் குளமாகிவிடும். குத்தகைதாரர் மட்டும் இப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். சுரங்கத் திட்டம் எழுதித் தருபவரும், அதற்கு ஒப்புதல் தருபவரும், ஊராட்சியில் இருப்பவர்களும் இதையே நம்புகிறார்கள். மூடல் திட்டம் என்ற தலைப்பைப் புரட்டினால், பள்ளம் மழைநீர்ச் சேமிப்புக்காக விடப்படும், சுற்றிலும் வேலி போடப்படும் என்ற பொருளில் இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரி நம் கிராமங்களுக்குச் செய்துவரும் கேட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். சாலை போட, வீட்டு அடித்தளம் நிரப்ப, தாழ்ந்த மனையை மேடாக்க கிராவல் வேண்டும். அது எங்கோ ஓரிடத்திலிருந்து வந்தாக வேண்டும். தொலைவிலிருந்து வந்தால் டீசலும் விலையும் ஏறும். நிலத்துக்காரர் பெரும்பாலும் பெரிய முதலாளி இல்லை. மானாவாரியில் எதுவும் சரியாக விளையாத சரளைக் காட்டைப் பட்டாவில் வைத்திருப்பவர். ஒன்றரை ஹெக்டேரை மூன்றாக்க விண்ணப்பிக்கும் அவரிடம் பெரிய சுரங்கத்துக்குரிய ஆய்வுகளையெல்லாம் கேட்டால் லாபம் கட்டணத்திலேயே கரைந்துவிடும். நேர்வழியில் வந்தவர் நடைச்சீட்டு இல்லாமல் இரவில் லோடு அடிக்கப் போய்விடுவார். மண் எத்தனை ஆழம் போகும், சந்தை எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது திட்டம் போடுவது வெறும் காகித வேலை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள மாநிலத்தில் ஒரு பள்ளம் மழையைப் பிடித்து வைத்தால் நல்லதுதானே? 2017-இலும் 2019-இலும் சென்னை தவித்தபோது மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளின் தண்ணீர்தானே கைகொடுத்தது?

கிராவல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நிலத்துக்காரரின் நெருக்கடியையும் மறுக்கவில்லை. மற்ற எதுவும் நிற்காது.

1. எதோடு ஒப்பிட்டுச் சிறியது?

ஒரு குழியைத் தனியே அளந்தால் அது சிறியதுதான். ஆனால் சரளை மேடு யாருடைய பட்டா எல்லையோடும் நின்றுவிடுவதில்லை. ஒருவர் நிலத்தில் நல்ல கிராவல் வந்தால் அடுத்த நிலத்துக்காரரும் விண்ணப்பிப்பார். டிப்பர் போக ஏற்கெனவே பாதை இருப்பதால் அவருக்குச் செலவும் குறைவு. சில வருடங்களில் அந்த மேடு முழுவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பள்ளங்களாகிவிடும். ஒவ்வொன்றும் சட்டப்படி சிறியது. கோவைத் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்குச் செம்மண் எடுத்தது இப்படித்தான் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பிறகும் பள்ளங்கள் அங்கேயே இருக்கின்றன.

சிறிய துண்டாகக் காட்டித் தப்பிக்கும் வழியை நீதிமன்றம் எப்போதோ பார்த்துவிட்டது. ஹரியானாவில் சிறுகனிமக் குத்தகைகளை ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான துண்டுகளாக ஏலம் விட்ட வழக்கில், 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும், அதைப் புதுப்பிப்பதற்கும்கூட, சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. தீபக் குமார் வழக்கு என்று இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. பிறகு வந்த அறிவிக்கை, ஒரே வகைக் கனிமப் பகுதியில் 500 மீட்டருக்குள் இருக்கும் குத்தகைகளை ஒரு தொகுப்பாகப் பார்க்கச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு, சாலை, குழாய்ப் பாதை போன்ற நெடுக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்கு முன்அனுமதியே வேண்டாம் என்று விலக்களித்தது. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. சின்னக் குழிக்குத் திட்டம் எதற்கு என்ற எண்ணம் டெல்லி வரை போய் அரசாணையாகி நான்கு ஆண்டுகள் நடப்பில் இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

விரிவாக்கம் கேட்டு வரும் மனுவே, அந்தக் குழி சிறியதாக நிற்கப் போவதில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி.

2. குளத்துக்கு இருப்பது எதுவும் குழிக்கு இல்லை

நம் ஏரியோ கண்மாயோ எப்படி வேலை செய்கிறது? மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது. சரிவின் குறுக்கே கரை எழுப்பி, தண்ணீரை வயலைவிட உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மதகைத் திறந்தால் மோட்டார் இல்லாமல் ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. மிஞ்சியது கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அடியில் வண்டல் படிந்திருப்பதால் நீர் மெதுவாகவே இறங்குகிறது. கிராவல் குழி இருப்பதோ நிலமட்டத்துக்குக் கீழே. அதிலிருந்து தண்ணீர் வெளியே வர ஒவ்வொரு குடத்தையும் இறைத்தாக வேண்டும். வரத்துக்கால் கிடையாது, தன் தலைமேல் பெய்யும் மழைதான் அதற்கு வரவு.

அந்த வரவைக் கணக்குப் பார்ப்போம். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நம் வெயிலில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டராவது ஆவியாகிப் போகும். ஆக, ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒவ்வோர் ஆண்டும் அரை மீட்டருக்கு மேல் பற்றாக்குறை, அதாவது 5,000 கன மீட்டர், 50 லட்சம் லிட்டர். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நின்றிருந்தால் அது கோடையில் வறண்டு கிடக்கும். அதைக் குளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீர்மட்டத்தை வெட்டியிருந்தால் வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கும். ஊரார் பார்த்து மகிழ்வதும் அதைத்தான். ஆனால் அந்த 50 லட்சம் லிட்டர் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலிருந்து ஊறி வந்து வெயிலுக்குப் போகிறது. மூடிக் கிடந்த நீரைத் திறந்து காயவைத்துவிட்டு, நீர் சேமித்ததாகத் திட்டத்தில் எழுதிக்கொள்கிறோம்.

வெளியிலிருந்து ஓடையைத் திருப்பிவிட்டால் குழி நிறையாதா என்று கேட்பார்கள். நிறையும். அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் கண்மாய்க்குப் போக வேண்டியது. அதன் பாசனக்காரர்களிடம் கேட்டுவிட்டா திருப்பினோம்?

சிக்கராயபுரத்தை இங்கே இழுப்பது பொருந்தாது. அவை ஆழமான பாறைக் குவாரிகள்; கெட்டிப் பாறையில் தண்ணீர் எளிதில் இறங்கிவிடாது. கிராவல் குழியோ சரளையும் சிதைந்த பாறையும் கலந்த படுகையில் வெட்டப்பட்டது. செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருந்தது, ஒரு மாநகரக் குடிநீர் வாரியம் பம்பும் குழாயும் போட்டுத் தண்ணீரை அங்கே கொண்டுபோய்ச் சுத்திகரித்தது. தாலுகா ஓரத்தில் கிடக்கும் இரண்டு ஹெக்டேர் குழிக்கு யார் குழாய் போடப் போகிறார்கள்? ஒரு பெருநகரம் நெருக்கடியில் செய்துகொண்ட ஏற்பாட்டை எல்லாக் குழிகளுக்கும் நியாயமாக்குவது பொறுப்பான பேச்சாகாது.

இங்கிலாந்தில் கிராவல் குழிகள் பறவைச் சரணாலயங்களாகிவிட்டனவே என்றும் சிலர் காட்டுகிறார்கள். நாட்டிங்ஹாம் அருகே அட்டன்பரோ அப்படி ஆனது உண்மை. வெயில் குறைந்த, ஆற்றங்கரைச் சமவெளி அது. அதோடு, அந்த நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தோண்டி முடித்த நிலத்தைப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் பராமரிக்கும் கடமையை அனுமதியிலேயே எழுத வழிசெய்தது. நாம் பறவைகளைப் பார்த்தோம், அந்த ஐந்து ஆண்டுகளைப் பார்க்கவில்லை.

3. கடைசியில் என்பது ஒருபோதும் வராது

சீரமைப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள் அது காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். காத்திருக்காது, ஏனென்றால் சீரமைக்கத் தேவையான பொருள் டிப்பரில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் முப்பது சென்டிமீட்டர் மேல்மண் என்றால் 3,000 கன மீட்டர். யூனிட் கணக்கில் ஆயிரத்துக்கும் மேல். தனியே எடுத்து வைக்கச் சொல்லி யாரும் கேட்காவிட்டால் பொக்லைன் அதையும் கிராவலோடு சேர்த்தே அள்ளும். மனை நிரப்ப அதுவும் விலை போகும். குத்தகைக் காலம் முடியும் நாளில் வெறும் அடித்தளம் மட்டும் மிஞ்சும். மேலே பரப்ப 3,000 கன மீட்டர் நல்ல மண்ணை அப்போது வேறொரு வயலிலிருந்து சுரண்டி வர வேண்டும். எந்தக் குத்தகைதாரரும் அதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செய்தாலும் அது இன்னொரு நிலத்தை அழிப்பதாகும்.

மேல்மண் போன பிறகு நிலத்தை உயிர்ப்பிக்கவே முடியாதா? முடியும். மண் அரித்துச் செம்பாலையாகக் கிடந்த மேட்டில் ஆரோவில்காரர்கள் 1968-க்குப் பிறகு வரப்பு கட்டி, மழையை நிறுத்தி, காடு வளர்த்தார்கள். அதற்குப் பல பத்தாண்டுகளும் ஏராளமான கைகளும் தேவைப்பட்டன. ஒரு நாள் வேலையாக ஓரம் ஒதுக்கியிருக்க வேண்டிய மண்ணுக்கு ஈடாக ஒரு தலைமுறையின் உழைப்பைக் கேட்பது எந்த வகையில் சிக்கனம்?

விரிவாக்கம் இந்தச் சிக்கலைத் தீர்க்க நல்ல வாய்ப்பு. புதுப் பரப்பை நான்கு கீற்றுகளாகப் பிரிக்கலாம். முதல் கீற்றின் மேல்மண்ணை எல்லையோரம் இரண்டு மீட்டருக்கு மிகாத உயரத்தில் கரையாகப் போட்டு, அதன்மேல் கொளுஞ்சி விதைத்து வைக்கலாம். அதற்கு மேல் உயர்த்தினால் உள்ளே காற்றில்லாமல் மண் செத்துவிடும். இரண்டாவது கீற்றைத் திறக்கும்போது அதன் மேல்மண் நேராக முதல் கீற்றின் தோண்டி முடித்த தரைக்குப் போகிறது: ஒரே முறை அள்ளி, ஒரே முறை கொட்டும் வேலை. மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு, நான்காவதன் மண் மூன்றாவதற்கு. எல்லையோரக் கரை கடைசிக் கீற்றுக்கு. எந்த நேரத்திலும் இரண்டு கீற்றுக்கு மேல் திறந்து கிடக்காது. மண் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாதே என்ற வாதமும் இங்கே அடிபட்டுப்போகிறது: சந்தை சரிந்து இரண்டாவது கீற்றோடு வேலை நின்றாலும், அதுவரை தோண்டியதில் பாதி ஏற்கெனவே நிலமாகியிருக்கும்.

தோண்டி முடித்த சுரங்க நிலத்தில் மீண்டும் புல்லும் செடியும் வளரச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கும்படி 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தண்ணீர் நிரம்பிய செங்குத்துப் பள்ளத்தில் புல் எங்கே வளரும்?

4. செங்குத்துச் சுவர் யாருடைய ஆபத்து?

சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டாத, ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடி வைக்காத கிராவல் குழியை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தன் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கி வைத்தது. அதே சட்டத்தின் கீழ் வந்த 1961 ஒழுங்குமுறைகளோ, கிராவல், மொரம்பு, களிமண் போன்ற தளர்ந்த மண்ணில் பக்கங்கள் 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்ட வேண்டும் என்கின்றன. ஆக, கிராவல் சுவர் சரியும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தே முக்கால் மீட்டர் சுவர் மட்டும் சரியாது என்று எந்த மண்ணும் உறுதி தரவில்லை.

2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்திலும், 2025 மே மாதம் சிவகங்கை மல்லாக்கோட்டையிலும் குவாரிகளில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவை பெரிய கல்குவாரிகள், செய்தியாயின. கைவிட்ட கிராவல் குழியில் விடுமுறை நாளில் குளிக்கப் போய் மூழ்கும் பிள்ளைகள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துபோகிறார்கள். நீச்சல் தெரிந்தவனாலும் அந்தக் குழியிலிருந்து ஏற முடியாது. பிடிக்கும் இடமெல்லாம் சரளை உதிரும். திட்டத்தில் எழுதிய முள்வேலிக் கம்பி, குத்தகை முடிந்த பிறகு எத்தனை நாள் அங்கே இருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

5. சரிவு வைத்தால் நஷ்டம் என்ற கணக்கு

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதனால் எண்களோடு பார்க்க வேண்டும். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரமாக ஒரு ஹெக்டேர் பட்டா என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து ஏழரை மீட்டர் விட வேண்டும் என்ற நிபந்தனைப்படி விட்டால் 85-க்கு 85 மீட்டர் மிஞ்சும். ஆறு மீட்டர் செங்குத்தாக வெட்டினால் 43,350 கன மீட்டர் கிராவல். மாடும் மனிதரும் ஏறி இறங்கக்கூடிய, மண் நிற்கக்கூடிய மூன்றுக்கு ஒன்று சரிவு வைத்தால் 27,582 கன மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ஒற்றை ஹெக்டேர்காரர் ஏன் செங்குத்தாக வெட்டுகிறார் என்பது புரிகிறது. அவரைப் பேராசைக்காரர் என்று திட்டிப் பயனில்லை.

இப்போது பக்கத்துப் பக்கத்தில் நான்கு பட்டாக்காரர்கள். தனித்தனியே நான்கு செங்குத்துக் குழிகள் வெட்டினால் மொத்தம் 1,73,400 கன மீட்டர். நால்வரும் ஒரே திட்டமாக, 200-க்கு 200 மீட்டர் பரப்பில், வெளியெல்லையில் மட்டும் ஏழரை மீட்டர் விட்டு, சுற்றிலும் அதே மூன்றுக்கு ஒன்று சரிவோடு அதே ஆறு மீட்டர் தோண்டினால் 1,67,982 கன மீட்டர். வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுதான். இடையில் விட்ட எல்லை வரப்புகளில் சிக்கியிருந்த கிராவல், சரிவுக்காக விட்டதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. நான்கு மரணக் குழிகளுக்குப் பதில், ஏர் பூட்டக்கூடிய தாழ்ந்த தரை ஒன்று, ஏறக்குறைய அதே வருமானத்தில்.

இந்தக் கணக்கு எதிர்த்தரப்பின் முக்கியமான தூணைச் சாய்க்கிறது. திட்டமிட்டால் சின்ன ஆள் நொடிந்துபோவார் என்றார்கள். திட்டமில்லாமல் தனித்தனியே தோண்டுவதால்தான் அவர் செங்குத்துச் சுவருக்குத் தள்ளப்படுகிறார். நால்வருக்கும் ஒரே அளவை, ஒரே சுரங்கத் திட்டம், ஒரே அனுமதி மனு என்றால் கட்டணமும் நான்காகப் பிரியும். அரசு இதற்கு உதவ வேண்டும். நால்வரின் மனுவை ஒன்றாக வாங்கும் வழியை எளிதாக்க வேண்டும்.

ஆழத்தை மட்டும் கூட்டி விரிவாக்குவது எல்லா வகையிலும் மோசம். ஆறு மீட்டரைத் தாண்டியதும் சுரங்கங்களுக்கான விதிகள் முழுவதும் வந்து சேரும், சரிவு இன்னும் அதிக இடத்தைத் தின்னும், நீர்மட்டம் நெருங்கும்.

6. உரிமத்தொகை கட்டியாயிற்றே

கட்டினீர்கள். அது வெளியே போன கனிமத்தின் விலையில் அரசின் பங்கு. விட்டுச்சென்ற பள்ளத்தின் விலை அதில் இல்லை. பெருங்கனிமச் சுரங்கங்களிடம் 2017 விதிகள் மூடல் பணிக்கு ஈடாகப் பிணைத்தொகை வாங்கி வைக்கின்றன. கிராவல் குழிக்கும் அதைக் கீற்றுவாரியாக வாங்கலாம்: ஒரு கீற்று சரிவு வைத்து, மேல்மண் பரப்பி, ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி நின்றால் அந்தக் கீற்றின் பிணைத்தொகை திரும்பும், அடுத்த கீற்றின் நடைச்சீட்டு கிடைக்கும். சின்ன ஆளிடம் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்க வேண்டியதில்லை.

விரிவாக்க மனுவோடு என்ன வர வேண்டும் என்று கேட்டால் நான் கேட்பது அதிகமில்லை. பருவமழை முடிந்த ஜனவரியில், சுற்றியுள்ள கிணறுகளில் எடுத்த நீர்மட்ட அளவு; மே மாத அளவை ஏற்கக் கூடாது. குழியின் அடித்தரை அந்த மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே நிற்கும் என்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம். மேல்மண் எந்தக் கீற்றிலிருந்து எந்தக் கீற்றுக்குப் போகும் என்ற கணக்கு. அடித்தரை எந்த மூலைக்குச் சாயும் என்ற குறிப்பு. தண்ணீர் அந்த மூலையில் பத்தில் ஒரு பங்கு பரப்பில் தேங்கட்டும். பண்ணைக்குட்டையாக அது உதவும், மீதி நிலத்தில் புங்கனோ வேம்போ தீவனமோ வரும். இவை இல்லாத மனுவை ஒப்புதல் தரும் அதிகாரி திருப்பி அனுப்ப வேண்டும்.

பழைய குழியைப் பற்றி ஒரு நிபந்தனையும் வேண்டும். குத்தகை முடிந்து போனவரைத் தேடிப் பிடித்துச் சுவரைச் சரிக்கச் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் ஆளில்லை, அவருக்கும் அங்கே திரும்பி வரக் காரணமில்லை. விரிவாக்கம் கேட்டு நிற்பவரிடம் மட்டும்தான் அரசுக்குப் பிடி இருக்கிறது. அவருடைய பொக்லைன் அங்கே நிற்கிறது, டிரைவர் இருக்கிறார், புதுப் பரப்பின் மேல்மண் கையில் வரப் போகிறது. புதுக் கீற்றில் முதல் நடைச்சீட்டு கொடுப்பதற்கு முன், பழைய குழியின் நான்கு பக்கமும் மூன்றுக்கு ஒன்று சரிவாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அனுமதி ஆணையில் எழுதுங்கள்.